இலை வெளிறும் அசேலியா: வெயில், மண், கவாத்து பற்றி ஆலோசனை தேவை

சிறுவாணி:
எல்லோருக்கும் வணக்கம். வாஷிங்டனுக்கு வடக்கே, மேரிலாந்தின் மான்ட்கமரி கவுன்ட்டியில் சென்ற குளிர்காலத்தில் ஒரு பழைய வீடு வாங்கினோம். முன்சுவரை ஒட்டி வரிசையாக அசேலியா புதர்கள் இருக்கின்றன, குளிர்காலத்திலும் இலை நிற்கும் வகை. சுவர் தெற்குப் பார்த்தது. காலை பத்து மணிக்கு விழும் வெயில் மாலைவரை அங்கேயே இருக்கிறது.

இலைகளின் மேற்புறம் வெள்ளி பூசினதுபோல் வெளிறிக் கிடக்கிறது. திருப்பிப் பார்த்தால் அடியில் கருப்புக் கருப்பாய்ப் புள்ளிகள், தார் தெறித்த மாதிரி. சுவருக்கு மிக அருகில் உள்ள செடிகளில் இன்னொன்றும் பார்க்கிறேன்: புதுத் தளிர் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. இந்த ஏப்ரலில் பூவும் அங்கொன்று இங்கொன்றுதான். முன்பு இருந்தவர்கள் போன செப்டம்பரில் தோட்ட ஆட்களை வைத்து எல்லாவற்றையும் பெட்டி மாதிரி வெட்டிவிட்டதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

வீட்டில் காபிச் சக்கை தினமும் சேர்கிறது. அதைப் போடலாமா? ஊரில் அம்மா கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோர் ஊற்றுவார், அது இதற்கு ஆகுமா? இல்லை, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வேறு வைப்பது நல்லதா?

பழையதோட்டம்:
பிடுங்க வேண்டாம் அம்மா. அந்தப் புதர்களுக்கு உயிர் நன்றாகவே இருக்கிறது. நீங்கள் சொல்வதில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் கலந்திருக்கின்றன: வெள்ளி நிறம், மஞ்சள் தளிர், பூக் குறைவு. முதல் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அந்தச் செடிக்கு அந்த இடம் பொருந்தவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெள்ளி நிறம் லேஸ் பூச்சியின் வேலை. இறக்கையில் சரிகை வேலைப்பாடு மாதிரி வலைப்பின்னல் இருக்கும், மூன்று மில்லிமீட்டர் அளவுதான். இலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும், மேலே புள்ளி புள்ளியாக வெளிறும். அடியில் நீங்கள் பார்த்த கருப்புப் புள்ளிகள் அதன் கழிவு. அந்தப் புள்ளி இருந்தால் வேறு சந்தேகமே வேண்டாம். ஜப்பானிலிருந்து வந்த பூச்சி இது. முட்டைகள் இலையின் நடுநரம்பை ஒட்டித் திசுவுக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கும், வசந்தத்தில் பொரியும். நம் பகுதியில் வருடத்தில் நான்கு தலைமுறை வரை வந்துவிடும். அதனால்தான் ஆகஸ்டில் செடி சாம்பல் பூத்தது போலத் தெரிகிறது.

இப்போது மே கடைசி. குஞ்சுகளுக்கு இறக்கை முளைக்காத நேரம், மருந்தடிக்க இதுதான் நல்ல சமயம். தோட்டக்கலை எண்ணெய் அல்லது பூச்சிக்கொல்லி சோப் போதும். ஆனால் இலையின் அடிப்புறம் நனைய வேண்டும். மேலே தெளித்தால் பூச்சி அசையாது. கடும் வெயிலிலும், செடி தண்ணீருக்கு வாடியிருக்கும்போதும் தெளிக்காதீர்கள், இலை கருகும். வேரில் ஊற்றிச் செடி முழுக்க ஏற்றும் மருந்துகளைக் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். பூவுக்குத் தேனீ வரும் செடிக்கு அவற்றை நான் போடமாட்டேன். ஏற்கெனவே வெளுத்த இலை மறுபடி பச்சையாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புது இலை சுத்தமாக வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

வெயிலில் இருக்கும் அசேலியாவுக்கு இந்தப் பூச்சி அதிகம் வரும் என்பது தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மேரிலாந்து பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர்கள் இதை ஆராய்ந்தபோது இன்னொரு காரணமும் தெரியவந்தது. சுற்றிலும் வெறும் புல்தரையாக இருக்கும் இடத்தில் சிலந்தி போன்ற இரைபிடிக்கும் உயிர்கள் தங்குவதில்லை. மரம், புதர், தரைமூடிச் செடி என்று அடுக்கடுக்காக இருக்கும் தோட்டத்தில் அவை நிறைய, அதனால் லேஸ் பூச்சி பெருகுவதில்லை. உங்கள் புதர்கள் சுவருக்கும் புல்லுக்கும் நடுவே தனியாக நிற்கின்றன. மருந்து இந்த வருடத்துக்குத்தான் ஆகும்.

தளிர் மஞ்சள் விஷயத்தை இரவு எழுதுகிறேன்.

அட்லாண்டா_மல்லி:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜார்ஜியாவில் நாங்கள் பைன் மரங்களுக்குக் கீழேதான் வைக்கிறோம். உயரமான பைன், அதன் வழியே வடிந்து வரும் வெயில், கீழே உதிர்ந்த ஊசியிலை. அசேலியாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. காலை வெயில், மதிய நிழல். அடர்ந்த இருட்டு நிழலில் வைத்தால் செடி ஒல்லியாக நீண்டு வளரும், பூ குறைந்துவிடும்.

இங்கே தெற்கில் 'ஃபார்மோசா', 'ஜார்ஜ் டேபர்' மாதிரிப் பெரிய இண்டிகா வகைகள் ஆளுயரத்துக்கு மேல் போகும். சார்ல்ஸ்டன் பக்கத்துப் பழைய தோட்டங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இந்த வகைகள் இருக்கின்றன. உங்கள் மேரிலாந்துக் குளிருக்கு அவற்றை நம்ப வேண்டாம் சிறுவாணி, மொட்டு கருகிவிடும்.

பழையதோட்டம்:
சரி, மஞ்சள் தளிர். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் *புது* இலையில் வந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பே இல்லை என்று அர்த்தமில்லை. மண்ணில் காரம் கூடினால் இரும்பு கரையாமல் நின்றுவிடும், வேரால் எடுக்க முடியாது. அசேலியாவுக்கு பி.எச். (மண்ணின் புளிப்பு, கார அளவு; ஏழுக்குக் கீழே போனால் புளிப்பு) 4.5 முதல் 6 வரை இருக்க வேண்டும், ஐந்தையொட்டி இருந்தால் மிக நல்லது. சுவரோரச் செடிக்கு மட்டும் வருவது ஏன் தெரியுமா? அஸ்திவாரக் கான்கிரீட்டிலும் சிமென்ட் கலவையிலும் இருக்கும் சுண்ணாம்பு மழைக்கு மழை கரைந்து அந்த ஓரத்து மண்ணில் இறங்குகிறது. வீடு கட்டியபோது கொட்டிய கலவைத் துண்டுகளும் உள்ளே புதைந்திருக்கலாம். புல்தரைக்குச் சுண்ணாம்பு தூவும் வழக்கமும் இங்கே உண்டு. அது புதரடிக்குப் பரவினாலும் இதே கதைதான்.

முதல் வேலை மண் பரிசோதனை. கவுன்ட்டி விரிவாக்க அலுவலகத்தில் கேட்டால் எந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று சொல்வார்கள். சுவரோரம் ஒரு மாதிரி, நாலடி தள்ளி இன்னொரு மாதிரி எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் விஷயம் தெளிவு. அறிக்கை சொல்லும் அளவுக்குத் தூள் கந்தகம் போடலாம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை அமிலமாக மாற்ற மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். அலுமினியம் சல்ஃபேட் சீக்கிரம் வேலை செய்யும் என்று விற்பார்கள். அதை வாங்க வேண்டாம், அலுமினியம் சேர்ந்தால் இந்த வேர்களுக்கு விஷம். அதுவரை தளிர் பச்சையாக வேண்டுமானால் கிலேட் இரும்பு (செடி எடுத்துக்கொள்ளும்படி கரையும் நிலையில் உள்ள இரும்பு) கரைத்துத் தெளிக்கலாம், அது தற்காலிகம்தான்.

காபிச் சக்கை: வடித்த பிறகு அதில் அமிலம் பெரிதாக மிஞ்சுவதில்லை, கிட்டத்தட்ட நடுநிலைதான். மக்கு உரக் குழியில் போடுங்கள். செடியடியில் தடியாகப் பரப்பினால் ஏடு கட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. மோர் கறிவேப்பிலையோடு இருக்கட்டும். தொட்டிச் செடிக்கு ஏதோ கொஞ்சம் செய்யலாம், சுண்ணாம்பு ஊறிய சுவரோர மண்ணை அது மாற்றாது. அம்மாவின் கைப்பக்குவத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.

எடிசன்_வாசி:
நியூ ஜெர்சியிலிருந்து. பூ வராததற்குக் காரணம் அந்த செப்டம்பர் வெட்டு. இதை யாரும் இன்னும் சொல்லவில்லையே. அசேலியா அடுத்த வசந்தத்தின் மொட்டை ஜூலை, ஆகஸ்டிலேயே கிளை நுனியில் கட்டிவிடும். செப்டம்பரில் டிரிம்மர் ஓட்டினால் அத்தனை மொட்டும் தரையில். பூ உதிர்ந்த உடனே கவாத்து செய்ய வேண்டும், ஜூலை பிறந்துவிட்டால் கை வைக்கக் கூடாது.

பெட்டி மாதிரி வெட்டுவதே தப்பு என்பது என் எண்ணம். வெளிப்பக்கம் மட்டும் இலை நெருங்கி, உள்ளே வெறும் குச்சியாகிவிடும். நீண்டு போன கிளையைக் கையால் பிடித்து, புதருக்குள்ளே அது பிரியும் இடத்தில் கத்தரியுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் செடி தன் உருவத்தோடு நிற்கும்.

இன்னொன்று, எங்கள் பக்கம் மான் தொல்லை. குளிர்காலத்தில் வேறு பச்சை இல்லாதபோது அசேலியாவை மொட்டோடு தின்றுவிடும். நவம்பரிலேயே வலை போட்டுவிடுங்கள்.

சிறுவாணி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. இலைகளின் அடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், முள்முள்ளாய்க் கருப்புக் குஞ்சுகள் ஊர்கின்றன. சோப் தெளிப்பான் வாங்கியாயிற்று. வேப்பெண்ணெய் வீட்டில் இருக்கிறது, அது ஆகுமா? வரிசையில் ஒரு செடியில் மட்டும் பூ அழுகி, பழுப்பாக இலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, உதிரவே இல்லை. அதுவும் பூச்சியா?

அட்லாண்டா_மல்லி:
அது பூச்சியில்லை அம்மா, இதழ் கருகல் பூஞ்சை. எங்களுக்கு மிகப் பழக்கமான எதிரி. 1931இல் தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் பக்கம்தான் இதை முதலில் கண்டார்கள். முதலில் இதழில் தண்ணீர் பட்டது போலச் சிறு புள்ளி வரும், வண்ணப் பூவில் வெள்ளையாக, வெள்ளைப் பூவில் பழுப்பாக. மழையும் மிதமான குளிரும் சேர்ந்தால் இரண்டு மூன்று நாளில் முழுப் பூவும் கூழாகிவிடும். சந்தேகமிருந்தால் புள்ளி விழுந்த இதழை விரலில் தேய்த்துப் பாருங்கள், வழவழவென்று நசிந்தால் இதுதான். ஆரோக்கியமான பூ வாடினால் தானாக உதிரும். இது இலையோடு ஒட்டிக் காயும், அதற்குள்ளே கருப்பாய்க் கெட்டியான பூஞ்சை விதைகள் உருவாகி மண்ணில் விழுந்து அடுத்த வசந்தத்துக்குக் காத்திருக்கும்.

ஒட்டியிருக்கும் பூக்களை ஒன்றுவிடாமல் பறித்துக் குப்பையில் போடுங்கள், மக்கு உரத்தில் வேண்டாம். அந்தச் செடியடியில் மண்ணை மூடிப் பரப்பியிருக்கும் பழைய மூடாக்கை அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள். பூக்கும் பருவத்தில் மேலிருந்து தண்ணீர் தெளிக்கக் கூடாது, வேரடியில் சொட்டு நீர்தான். செடிக்கு இதனால் உயிர்ச்சேதம் இல்லை, பூவோடு போய்விடும்.

மே மாதத்தில் சில இலைகள் தடித்து, உப்பி, வெளிர்ப்பச்சையாகத் தொங்கினால் பயப்பட வேண்டாம். அதுவும் பூஞ்சைதான், இலை வீக்கம் என்போம். மேலே வெள்ளை மாவு பூக்கும் முன்னால் கிள்ளி எறிந்தால் போதும்.

பழையதோட்டம்:
வேப்பெண்ணெய் ஆகும். கடையில் தோட்டத்துக்கென்று விற்கும் கலவையானால் அளவு போட்டிருக்கும், அதன்படி செய்யுங்கள். சாயங்காலத்தில் அடியுங்கள். சோப், எண்ணெய் இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டாம்.

நூல்கட்டு:
சிறுவாணி, நீங்கள் இருக்கும் இடம் எப்படிப்பட்டது என்று யாராவது சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன். அமெரிக்க வீட்டுத் தோட்டத்து அசேலியாவின் வரலாற்றில் பெரிய பகுதி உங்கள் வீட்டிலிருந்து காரில் போகும் தூரத்தில் நடந்தது.

பசுமை மாறா அசேலியாக்களை உருவாக்கும் கலை ஜப்பானுடையது. 1692இலேயே அங்கே அசேலியா வகைகளுக்கென்று தனியாகப் படங்களோடு ஒரு நூல் வந்துவிட்டது. கியூஷூ தீவின் குருமே நகரில் வளர்த்தெடுத்த சிறு பூ வகைகள் 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்கு வந்தன. இந்த வகைகளால் ஈர்க்கப்பட்ட செடி சேகரிப்பாளர் எர்னஸ்ட் வில்சன் 1918இல் குருமேவுக்கே போய் 50 வகைகளைத் தேர்ந்தெடுத்து பாஸ்டனின் ஆர்னால்ட் தாவரத் தோட்டத்துக்கு வரவழைத்தார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. குளிர் தாங்கும் வகைகளுக்குப் பூ சிறிது, தெற்கத்திப் பெரிய பூக்களுக்குக் குளிர் ஆகாது. இரண்டையும் ஒரே செடியில் கொண்டுவர பெஞ்சமின் மோரிசன் என்ற அரசுத் தாவரவியலாளர் மேரிலாந்தின் க்ளென் டேலில் ஆயிரக்கணக்கில் நாற்று வளர்த்துப் பார்த்தார். அதிலிருந்து 454 வகைகளை வெளியிட்டார். க்ளென் டேல் கலப்பினங்கள் என்று இன்றும் அந்த ஊரின் பெயரில்தான் விற்கிறார்கள். வாஷிங்டன் தேசியத் தாவரத் தோட்டத்தின் முதல் இயக்குநரும் அவரே. அங்கே ஒரு மலைச்சரிவு முழுக்க அவர் அசேலியாக்கள்தான். ஏப்ரல் கடைசியில் ஒரு காலைப்பொழுதைக் கட்டாயம் அங்கே செலவிடுங்கள். பூவைப் பார்ப்பதோடு நிற்காமல் அவை எங்கே நிற்கின்றன என்றும் பாருங்கள்: ஓங்கிய மரங்களின் கீழே, சரிவில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே. தண்ணீர் தேங்க வழியே இல்லாத இடம்.

உங்களுக்குப் புதிதாக வேண்டுமானால் வெள்ளைக்கு 'க்ளேஷியர்', ஓரத்தில் ஊதா கட்டிய வெள்ளைக்கு 'மார்த்தா ஹிட்ச்காக்', சிவப்புக்கு 'ஹினோ க்ரிம்சன்'. இடம் குறைவென்றால் தரையோடு படரும் 'கும்போ', மற்றவை ஓய்ந்தபின் அது பூக்கும்.

எடிசன்_வாசி:
இலையுதிர்காலத்திலும் பூக்கும் என்று 'என்கோர்' வகைகளை எல்லாக் கடையிலும் வைத்திருக்கிறார்களே, அவை எப்படி?

அட்லாண்டா_மல்லி:
எங்களிடம் இருக்கின்றன. லூசியானாவில் ராபர்ட் லீ என்ற நர்சரிக்காரர், தைவானைச் சேர்ந்த ஓல்டாமி இனத்தோடு கலந்து உருவாக்கியவை. வசந்தத்தில் ஒரு முறை, அப்புறம் கோடை கடைசியிலிருந்து குளிர் வரும்வரை விட்டுவிட்டுப் பூக்கும். இவற்றுக்கு மற்ற அசேலியாக்களைவிடக் கூடுதல் வெயில் வேண்டும், ஒரு நாளுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம். நிழலில் வைத்தால் இரண்டாம் பூ ஏமாற்றும். வசந்தத்தில் ஒரேயடியாகப் புதர் மறைந்து பூ மட்டும் தெரிகிற அழகு பழைய வகைகளுக்குத்தான். எனக்கு அதுதான் பிடிக்கும்.

குன்னூர்_பனி:
நீலகிரியிலிருந்து வணக்கம். இங்கே குன்னூர், ஊட்டி வீட்டுத் தோட்டங்களிலும் அசேலியா உண்டு. எங்களுக்கு மண் பிரச்சினையே கிடையாது, தேயிலை விரும்பும் அதே புளிப்பு மண்தான் இதுவும் கேட்பது. தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தேயிலைக்கு டோலமைட் (சுண்ணாம்புக் கல் தூள்) தூவும் வருடத்தில் அது அசேலியா பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோலைக்காடுகளின் ஓரத்தில் சிவப்பாய்ப் பூக்கும் காட்டுப் பூவரசும் அசேலியா சேர்ந்திருக்கும் அதே ரோடோடென்ட்ரான் பேரினத்துச் சொந்தம்தான், அது மரம். அதைக் காட்டில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பிடுங்கி வந்து வீட்டில் வைக்க நினைக்கக் கூடாது.

சென்னையிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் பூவோடு ஒரு தொட்டி வாங்கிப் போகிறார்கள், பாவமாக இருக்கிறது. மொட்டு மலர்வதற்குச் சில வாரக் குளிர் வேண்டும், சென்னையில் அது கிடையாது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் வேறு. இருக்கிற பூவை ரசித்துக்கொள்ளலாம், அடுத்த வருடத்தை எதிர்பார்க்க முடியாது.

சிறுவாணி:
மண் அறிக்கை வந்துவிட்டது. சுவரோரம் பி.எச். 7.1, நாலடி தள்ளி 5.8! ஐயா சொன்னது அப்படியே. சுவரோரத்துச் செடிகளைப் பின்தோட்டத்துக்கு மாற்றிவிடலாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். பின்னால் பெரிய ஓக் மரங்களும், ஒரு கருப்பு வால்நட் மரமும், வேலியோரம் ஒரு மேப்பிளும் இருக்கின்றன. எங்கே, எப்போது, எப்படி வைக்கலாம்? நாய்க்குட்டி ஒன்று வளர்க்கிறோம், அதற்கு ஏதாவது ஆகுமா?

பழையதோட்டம்:
நல்ல முடிவு. ஓக் மரத்தடி. வால்நட் பக்கம் வேண்டவே வேண்டாம், அதன் வேரிலிருந்து வரும் ஜுக்லோன் என்ற பொருள் அசேலியாவை வாட்டிவிடும். மேப்பிளின் வேர் மேலாகவே படர்ந்து எல்லாத் தண்ணீரையும் குடித்துவிடும். ஓக் வேர் ஆழம் போகும், இலையும் நல்ல மூடாக்கு.

நாய்க்கு: இலை, பூ எல்லாவற்றிலும் கிரேயனோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. மென்றால் எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கும், அதிகம் தின்றால் இதயத்தைப் பாதிக்கும். குட்டி எதையும் கடிக்கும் வயதென்றால் செடியைச் சுற்றிச் சிறு வேலி போடுங்கள். தின்றுவிட்டதாகத் தோன்றினால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

மாற்றுவதற்கு செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஏற்ற காலம். கோடையில் தொடாதீர்கள். இந்தச் செடிக்கு ஆணிவேர் கிடையாது. தேங்காய் நார் மாதிரி மெல்லிய வேர்கள், ஓரடி ஆழத்துக்குள்ளேயே பரந்திருக்கும். அதனால்தான் வயதான புதரைக்கூட இடம் மாற்ற முடிகிறது. அதனால்தான் தண்ணீர் தேங்கினாலும் வறண்டாலும் முதலில் அடிபடுவதும் இதுவே. ஆழமாக வேண்டாம், அகலமாகத் தோண்டுங்கள். கிளை பரவியிருக்கும் வட்டம்வரை போய், அடியில் மண்வெட்டியைச் சாய்வாகக் கொடுத்துத் தட்டையான வேர்ப்பந்தாக எடுங்கள்.

நடும்போது நினைவில் வைக்க வேண்டியது உயரம். நம் பகுதிக் களிமண்ணில் வேர்ப்பந்தின் மேற்பகுதி தரை மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்க வேண்டும். ஆழத்தில் புதைத்த அசேலியா மெதுவாகச் சாகும். ஈரக் களிமண்ணில் வேர் அழுகல் பூஞ்சை வந்துவிட்டால் மருந்தும் இல்லை. குழிக்குள் மட்டும் நல்ல மண்ணை நிரப்பாமல், பரவலாக ஒரு பாத்தியையே பைன் பட்டைத் தூளும் மக்கு உரமும் கலந்து கொத்திவிடுங்கள். மேலே இரண்டு மூன்று அங்குலம் பைன் பட்டையோ ஊசியிலையோ மூடாக்கு, தண்டைத் தொடாமல். உரம் இந்த வருடம் வேண்டாம். அடுத்த வசந்தத்தில் பூ முடிந்ததும் அமிலச் செடி உரம் கொஞ்சம் போதும். புதருக்கடியில் களைக்கொத்து போடவே கூடாது, வேரை அறுத்துவிடும், களையைக் கையால் பிடுங்குங்கள்.

வாரம் ஓர் அங்குல மழை இல்லையென்றால் தண்ணீர் விடுங்கள், தரை உறையும்வரை. குளிர்காலத்திலும் இலை இருப்பதால் வறண்ட காற்று அதிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும்.

எடிசன்_வாசி:
கடையில் புதுச் செடி வாங்கினால் ஒரு எச்சரிக்கை. தொட்டியில் பீட் (மக்கிய பாசி) கலவையில் வேர் சுருண்டிருக்கும். அது ஒருமுறை காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது, சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்க, பந்து மட்டும் காய்ந்தே கிடக்கும். நடுவதற்குமுன் தொட்டியோடு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை அமுக்கி வையுங்கள். வேர்ப்பந்தின் பக்கவாட்டில் கத்தியால் மூன்று நாலு கீறல் போட்டு, வேரைக் கலைத்துவிட்டு நடுங்கள்.

சிறுவாணி:
கடைசியாக ஒரு சந்தேகம். மாற்றுவதற்கு முன்பே புதரைப் பாதியாக வெட்டிவிடலாமா? தூக்கச் சுலபமாக இருக்குமே. அப்புறம், அந்த அழகான சிவப்புப் பூச் செடி பிழைக்காமல் போனால் என்ன செய்வது என்று பயம்.

பழையதோட்டம்:
வெட்ட வேண்டாம். இலைதான் புது வேருக்குச் சாப்பாடு போடும். காய்ந்த குச்சியை மட்டும் எடுங்கள், படர்ந்த கிளைகளைச் சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டித் தூக்கலாம். புது இடத்தில் ஒரு முழு வருடம் வேர் பிடித்தபிறகு, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ வேண்டுமானால் ஓரடிக்கு வெட்டிப் புதுப்பிக்கலாம். அந்த வருடப் பூ போகும், செடி அடியிலிருந்து தளிர்க்கும்.

சிவப்புச் செடிக்கு இப்போதே வாரிசு எடுத்துவிடுங்கள். ஜூன் கடைசியில், இந்த வருடத் தளிர் வளைத்தால் ஒடியும் பதம் வந்ததும், மூன்று நாலு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, பீட்டும் பெர்லைட்டும் (இலேசான வெள்ளைக் கல்துகள்) பாதிக்குப் பாதி கலந்து ஈரமாக்கிய தொட்டியில் செருகி, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் வேர் விட்டுவிடும். தாழ்ந்த கிளை இருந்தால் இன்னும் சுலபம்: அடியில் லேசாகக் கீறி, மண்ணில் பதித்து, மேலே கல் வைத்துவிடுங்கள். ஆனால் செப்டம்பரில் தாய்ச்செடியைத் தூக்கப் போகிறீர்கள், பதியத்துக்கு அதற்குள் வேர் வராது. அதனால் குச்சியே வையுங்கள், பத்துக்குக் குறையாமல். மிஞ்சினால் அட்லாண்டாவுக்கு ஒன்று அனுப்புங்கள்.

அட்லாண்டா_மல்லி:
எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள். பையை வாரம் ஒருமுறை கொஞ்ச நேரம் திறந்து காற்று விடுங்கள் சிறுவாணி, இல்லையென்றால் பூசணம் பிடிக்கும்.